பதினோராவது பாட்டு

மருந்துச் சீட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். காலி கேசட் வாங்கி, கோடு போட்ட தாளில் பாட்டு வரிசை எழுதி, பதிவுக் கடையில் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. அரியலூரில் ரயிலடிக்குப் போகும் சாலையில் எங்கள் வீடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் நாள் முழுக்கப் போகும், கொடியில் காய்ந்த சட்டையை நாலு உதறு உதறாமல் போட முடியாது. எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி அந்தப் பதிவுக் கடை இருந்தது. உள்ளே நுழைந்தால் ஈயப்பற்று வைக்கும் புகை, டேப் துடைக்கிற ஸ்பிரிட், ஊதுபத்தி மூன்றும் கலந்து அடிக்கும். கடைக்காரர் எப்போதும் காதுகுடைகிற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் கடைக்கு ஒரு பேர் உண்டு. அறுபது நிமிடக் கேசட்டில் பெரம்பலூர்க் கடைகளில் பத்துப் பாட்டு பதிந்து கொடுப்பார்கள், இவர் பதினொன்று கொடுப்பார். அந்த ஒரு பாட்டுக்காக பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எப்படி என்று கேட்டால் கைராசி என்பார். எங்கள் ஊர்க்காரர்களோ, அதே பாட்டை ரேடியோவில் கேட்டால், இவங்க ஏன் இப்படித் தூங்கி வழியுறாங்க என்று கேலி செய்வார்கள்.

என் அண்ணன் அப்போது திருச்சியில் இன்ஜினியரிங் படித்தான். விடுதியில் மூத்த மாணவர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு கேசட் வாங்கி வந்தான். முழுக்க வெள்ளைக்காரப் பாட்டு, அதிலும் கிடார்தான் பாதிக்கு மேல். உறைக்குள் இருக்கவேண்டிய அட்டை எப்போதோ தொலைந்துபோயிருந்ததால் யார் வாசித்தது, எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் பதிவுக் கடையில் கொடுத்து நகல் எடுத்தான். மூலக் கேசட் திருச்சிக்குப் போயிற்று, அந்த மாணவரும் படிப்பு முடிந்து வேறெங்கோ போய்விட்டார். ஊருக்கு மிஞ்சியது கடைக்காரர் எடுத்த நகல் மட்டும்தான். அதையும் அண்ணன் பெருமையாகச் சொல்லித் திரிந்தான், ஒரிஜினலை விட நம்மூர் நகல் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று.

ஏ பக்கம் ஒருவர் வாசித்தார், பி பக்கம் இன்னொருவர். ஏ பக்கத்துக்காரர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார், அதை வளைத்து வளைத்து நம் வயிற்றைப் பிசைவார். அவருக்கு 'இழுக்குறவர்' என்று பேர் வைத்தார்கள். பி பக்கத்துக்காரர் 'ஓடுறவர்'. கல்லங்குறிச்சித் தேர் முடிந்த வாரத்திலிருந்து அந்தக் கடையில் சாயங்காலமானால் இதுதான் பேச்சு. இரண்டு கட்சி. ஓடுறவர் கட்சிக்கு அண்ணன் தலைவன். இழுக்குறவர் கட்சிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கடைக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டி, இரண்டு பேருக்கும் நகல் விற்றார்.

அண்ணன் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவான், ஒரு நொடியில் எத்தனை ஸ்வரம் விழுகிறது பாருங்கள் என்று. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, ஓடுகிறவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை அதனால்தான் ஓடுகிறான் என்பார். ஒருநாள் அண்ணன் சோற்றுத்தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனான், அப்பா இழுக்குறவர்தான் கேட்க இதமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டாராம். பேர் தெரியாத, முகம் தெரியாத இரண்டு பேருக்காக எங்கள் ஊரில் இரண்டு நண்பர்கள் தீபாவளி வரை பேசிக்கொள்ளவில்லை. இதெல்லாம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் காலை வணக்கப் பாட்டு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஓடுறவரின் பி பக்கம் மூன்றாவது பாட்டை, வாய்ப்பாட்டே இல்லாத முழு கிடார் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முனகிக் காட்டுவேன்.

எங்கள் ஊரில் கிடார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவர், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். மற்ற நாளெல்லாம் லாரி ஆபீசில் டிரிப் சீட்டு எழுதுவார். அந்த ஆபீசின் பின்னறையில்தான் தங்கியிருந்தார், எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். தூசியில் உட்கார்ந்து எழுதி எழுதி இருமல் வந்துவிட்டது என்று அவர் அம்மா என் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். அந்த வருடம் ஜூனிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு தொடங்குவதாக இருந்தது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கிற பொறுப்பைத் தாளாளர் கணக்கு வாத்தியாரிடம் விட்டிருந்தார், ஊரில் சங்கீதம் தெரிந்தவர் அவர் என்று பேர் வாங்கியிருந்ததால். கிடார்க்காரருக்கு அந்த வேலை கிடைத்துவிடும் என்றே எல்லோரும் பேசினார்கள். கிடைத்தால் நானும் கற்றுக்கொள்ளலாம். கிடார் வாசிக்க இடது கையில் நகம் இருக்கக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இடது கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் கடையில் அவரிடமே கேட்டார்கள், உங்களுக்கு யார் பெரியவர் என்று. அவர் இழுக்குறவர் என்றார். ஒரு ஸ்வரத்தை அவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருப்பது லேசில்லை என்றார். அண்ணன் உடனே, உங்கள் கை ஓடாது, அதனால் அப்படிச் சொல்கிறீர்கள் என்றான். இழுக்குறவர் கட்சித் தலைவரான வாத்தியார் அப்போது கிடார்க்காரர் பக்கம் பேசியிருக்க வேண்டாமா? பேசவில்லை. அவருக்கு நியாயஸ்தர் ஆசை வந்துவிட்டது. பி பக்கம் மூன்றாவது பாட்டை கேசட்டோடு சேர்த்து அதே வேகத்தில் வாசித்துக் காட்டட்டும், காட்டிவிட்டால் வேலை அவருக்குத்தான் என்றார். பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லித்தரப் போகிறவருக்கு எதற்கய்யா அந்தச் சோதனை? யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத் தவணை.

அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் கிடார் கேட்க ஆரம்பித்தது. விடிந்ததும் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஒரு மணி நேரம். முதலில் கேசட்டை ஓடவிடுவார், நிறுத்துவார், தேடுவார். கேசட்டின் சுருதி அவர் கிடாரின் கழுத்தில் விரல் அழுத்துகிற எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை, இரண்டு கட்டத்துக்கு நடுவில் நின்றது. தன் பழைய கிடாரில்தான் கோளாறு என்று நினைத்து, கம்பிகளை ஏற்றி முறுக்கினார். மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தைக் கீறிவிட்டது. புதுக் கம்பிக்குத் திருச்சிவரை போய்வந்தார்.

அந்த வாரம் என்னை கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் மாமா ஊருக்கு அனுப்பினார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற காலம். தெருவெல்லாம் கொட்டை வறுக்கிற புகை, பழத்தைத் தின்று தொண்டை கரகரத்து எனக்குப் பேச்சே சரியாக வரவில்லை. மாமா வீட்டில் கம்பெனிக் கேசட் ஒன்று இருந்தது, நாங்கள் எங்கள் ஊர்க் கடையில் பதிந்து வைத்திருந்த அதே சினிமாப் பாட்டுகள். கூடவே பாடப்போனேன், குரல் ஒட்டவில்லை. பாட்டு கீழே போய்விட்டது, பாடுகிறவர் நான் அறிந்தவரின் அண்ணன் மாதிரி இருந்தார். என் பையில் இருந்த எங்கள் கேசட்டை எடுத்து அதே டேப்ரெக்கார்டரில் போட்டேன். பாட்டு மேலே ஏறியது, வேகமாகவும் போயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் முழுக்க ஓடவிட்டேன். கம்பெனிக் கேசட்டில் ஐந்தரை நிமிடம் ஓடிய பாட்டு, எங்கள் கேசட்டில் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. மூன்று தடவை பார்த்தேன். பத்துப் பாட்டுக்கான இடத்தில் பதினொன்று எப்படி அடங்குகிறது என்று அங்கேயே விளங்கிவிட்டது. பி பக்கம் மூன்றாவது பாட்டும் அதே கடையில் எடுத்ததுதானே என்று உடனே நினைத்தேன். அடுத்த நாளே அழுது அடம்பிடித்து ஊருக்குத் திரும்பினேன்.

அண்ணனிடம் சொன்னேன். முந்திரிப்பழம் தின்று காது அடைத்திருக்கிறது என்றான். ஒரு தாளில் நிமிடக் கணக்கை எழுதிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் கணக்கு வாத்தியார், நான் கொண்டுபோனது வகுத்தல் கணக்கு. அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"பாட்டுக்கெல்லாம் கணக்குப் போடக்கூடாதும்மா. போயி லீவு ஹோம்வொர்க்க எழுது" என்றார்.

முப்பது வருடமாக அந்த வாக்கியத்தை மென்றுகொண்டிருக்கிறேன். எனக்கு எட்டாம் வாய்ப்பாடு தப்பியதற்கு முட்டிக்குக் கீழே அடித்த மனிதர் அவர். ஒரு பையன் அந்தத் தாளைக் கொண்டுபோயிருந்தால் தலையில் தட்டிக்கொடுத்து, நாலு பேரிடம் காட்டியிருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கடைசியில் கடைக்காரரிடமே போனேன். மத்தியான நேரம், கடையில் வேறு யாருமில்லை. தாளைப் பார்த்தார், பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. ஒரு மெஷினைத் திருப்பி, மோட்டாருக்குப் பின்னால் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டினார்.

"உள்ள ஒரு திருகு இருக்கு பாரு பாப்பா. பதியுற மெஷின கொஞ்சம் மெதுவா ஓட வுட்டா டேப்பு மிச்சமாவும். அப்புறம் நீங்க வூட்டுல சரியான வேகத்துல போட்டா பாட்டு கொஞ்சம் வெரசா முடிஞ்சிடும். அவ்ளோதான் சூட்சுமம். இத வெளிய சொன்னீன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

கிடார்க்காரர் பாவம் இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். சோதனை அன்று அவருடைய மெஷினில்தான் பாட்டைப் போடப் போகிறாராம். காலையிலேயே திருகைத் திருப்பி, பாட்டு சரியான வேகத்தில் ஓடும்படி வைத்துவிடுவாராம். யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடுமாம். அதற்குப் பதிலாக நான் வாயைத் திறக்கக்கூடாது. அப்புறம் எனக்குப் பிடித்த பாட்டுகளை எழுதச் சொல்லி, காசு வாங்காமல் ஒரு புதுக் கேசட் பதிந்து கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அதிலும் பதினொரு பாட்டு இருந்தது.

சோதனைக்குப் பத்து நாள் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கிடார் நாளுக்கு நாள் தெளிவானது. கேசட் இல்லாமல் தனியாக வாசிக்கும்போது அந்த மூன்றாவது பாட்டு முழுசாக வந்தது, ஒரு இடம் பிசகாமல். ஓடாமல், ஒவ்வொரு ஸ்வரமும் காலூன்றி நின்று வந்தது. நான் கொல்லையில் பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பிறகு அவர் கேசட்டைப் போடுவார், அது அவரை விட்டுவிட்டு முன்னே போய்விடும். மறுபடி தொடங்குவார். பத்தடி தூரம்தான். துவைக்கல்லில் ஏறி நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. வயசுக்கு வரப்போகிற பெண் சுவரேறிப் பேசினால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்பது ஒரு காரணம். கடைக்காரர் சொன்னதைச் செய்வார் என்று நம்பியது இன்னொரு காரணம்.

வாத்தியாரின் டியூஷன் கொட்டகையில் சோதனை நடந்தது. மே மாதக் கடைசி, சாயங்காலம் நாலு மணிக்கே கூரை அனல் கக்கியது. இரண்டு கட்சிக்காரர்களும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிடார்க்காரர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் அம்மா வாசலோரம் நின்றார். நான் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னால் போயிருந்தேன்.

கடைக்காரர் மெஷினை வைத்து, பொத்தானை அழுத்தினார். முதல் ஸ்வரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் திருகைத் தொடவே இல்லை. அவரைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பஞ்சுக்குச்சியை எடுத்து, சுத்தமாக இருந்த இன்னொரு கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஓடினால் ஓடுறவர் கட்சிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார், வேறென்ன.

கிடார்க்காரர் பாதிவரை கூடவே போனார். அந்தப் பாதியே பெரிய காரியம் என்று இப்போது சொல்வேன். பிறகு விரல் பின்தங்கியது, ஒரு கட்டம் தப்பியது, நிறுத்தினார். இரண்டாவது தடவையும் அதே இடம். மூன்றாவது தடவை தொடங்கும்போது வாத்தியார் கையைக் காட்டினார்.

"போதும் தம்பி. கையில வேகம் வரல."

அண்ணன் சிரித்தான், அவன் கட்சி முழுக்கச் சிரித்தது. கிடார்க்காரர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, கிடாரை உறையில் போடாமலே தூக்கிக்கொண்டு அம்மாவோடு போனார். நான் செம்போடு நின்றேன். சொல்ல இரண்டு வார்த்தைதான் இருந்தது. சொன்னால் அந்த ஓசிக் கேசட்டை எதற்கு வாங்கினாய் என்று கடைக்காரர் கேட்பாரோ என்று பயந்தேன்.

பாட்டு வகுப்புக்கு யாரையும் எடுக்கவில்லை. அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியாரே எடுத்துக்கொண்டு கணக்கு நடத்தினார். கிடார்க்காரர் ஆடி பிறப்பதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்கூடக் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்தபின், அண்ணன் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தீபாவளிக்கு வந்தான். பழைய விடுதி நண்பர்களிடம் பேர் விசாரித்து, அந்தப் பாட்டுகளையெல்லாம் தேடிப்பிடித்து அதில் வைத்திருந்தான். மூன்றாவது பாட்டைப் போட்டான். ஓடுறவர் ஓடவே இல்லை. நிதானமாக நடந்தார், இடையில் நின்றார், ஒரு ஸ்வரத்தை வளைத்து வயிற்றைப் பிசைந்தார். இரண்டு கட்சியும் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டிருக்கிறது. நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது வேற ஆளு, நம்மாளு இன்னும் வேகம் என்று சொல்லி நிறுத்திவிட்டான். இன்றுவரை அவன் அப்படித்தான் சொல்கிறான். குடும்ப விசேஷங்களில் அந்தக் கொட்டகைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறான்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகப் பிள்ளையோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருப்பூர்ப் பையோடு எதிரில் வந்தவரை நடையை வைத்தே கண்டுகொண்டேன். தலை முன்பக்கம் கொட்டியிருந்தது. நான் யார் என்று சொன்னதும் சிரித்தார். அம்மா, அப்பா, அண்ணன் என்று வரிசையாக விசாரித்தார். கிடாரைப் பற்றிக் கேட்டேன், தங்கச்சி கல்யாணத்தின்போது விலைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

எனக்கு அடக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்தேன். திருகு, கடைக்காரர், பத்துக்குப் பதினொன்று, கணக்குத் தாளை வாங்காத வாத்தியார், சிரித்த அண்ணன் எல்லோரையும் சொன்னேன். என் குரல் உயர்ந்து, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் கோபம் வரும், இரண்டு பேரும் சேர்ந்து அவர்களைத் திட்டலாம் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். இடது கை விரல்கள் காற்றில் எதையோ தேடித் தேடி அழுத்தின. உதட்டுக்குள் அந்தப் பாட்டை முனகிப் பார்த்தார், முதலில் வேகமாக, பிறகு நிதானமாக.

"அப்ப நான் வாசிச்சிருக்கேன். ரெண்டாவது வாரமே வாசிச்சுட்டேன்" என்றார்.

ஆமாம், நான் கேட்டேன், ஒரு பிசகில்லாமல் வாசித்தீர்கள் என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. அவர் தலையாட்டினார். பிறகு, இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும் என்று கேட்டார். ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம், இந்தக் கம்ப்யூட்டர் வந்தபிறகுதான் என்று.

"டெஸ்டுக்குப் பத்து நாளுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

அரியலூர் பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்தார், என் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, பாப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.